வாங்கத் தெரியாத ஊழியக்காரி

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு வைகாசி மாதம். சோளகக் காற்று மண்ணை அள்ளி முகத்தில் வீசத் தொடங்கியிருந்த நேரத்தில், நானும் கணவரும் வவுனியாவில் இருந்து மன்னாருக்கு வந்து, பேசாலையில் கடற்கரைக்கு ஐந்து நிமிட நடையில் இருந்த இரண்டறை வீடு ஒன்றில் குடியேறினோம். சாமான் கட்டிக் கொண்டுவந்த அட்டைப்பெட்டிகளை முதல் நாளே தெருக் கழுதைகள் தின்று முடித்துவிட்டன. மூன்றே மாதத்துக்குத்தான் அந்த வீடு. அது எங்களுக்குப் பரீட்சைக் காலம்.

என்ன பரீட்சை என்று கேட்டால் சிரிப்பீர்கள். கம்போடியாவில் ஒரு மீனவர் ஊரில் சபை தொடங்க எங்கள் இருவரையும் அனுப்புவதாக எங்கள் சபையார் தீர்மானித்திருந்தார்கள். ஆனால் யாரையும் சும்மா அனுப்பமாட்டார்கள். போகப்போகும் இடத்தைப் போன்ற ஓர் ஊரில், எங்களைத் தெரியாத மனிதர்களுக்கு நடுவில், மூன்று மாதம் வாழ்ந்து காட்ட வேண்டும். பிரசங்கம் கூடாது. கூட்டம் கூடாது. ஒரு துண்டுப்பிரசுரம்கூடக் கொடுக்கக் கூடாது. கடைசியில் சபை மூப்பர் இருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, நாங்கள் குடியிருக்கும் ஒழுங்கையில் மூன்று வீடுகளில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். "இவர்கள் நிரந்தரமாகப் பக்கத்து வீட்டில் இருந்தால் உங்களுக்கு விருப்பமா?" ஒரு வீடு இல்லை என்றாலும் பயணம் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

நாங்களோ அதற்குள் எல்லாவற்றையும் உதறிவிட்டிருந்தோம். அவர் தொழில்நுட்பக் கல்லூரி வேலையை விட்டிருந்தார். நான் முன்பள்ளி ஆசிரியர் வேலையை விட்டிருந்தேன். அலுமாரி, கதிரை, மேசை எல்லாம் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டன. பயணம் தள்ளிப்போனால் இருக்க வீடும் இல்லை, செய்ய வேலையும் இல்லை. அதனால் அந்த மூன்று வீடுகளும் சம்மதித்துச் சொல்லும் 'ஓம்' எங்களுக்கு உயிர்.

பேசாலை முழுக்க முழுக்கக் கத்தோலிக்க ஊர். நாங்கள் வேறு சபை. எனவே முதல் வேலையாகப் பங்குச் சுவாமியிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னோம். அவர் கேட்டுவிட்டு, நல்லது, முதலில் மீன்களின் பெயரைப் படியுங்கள் என்று சிரித்தபடி அனுப்பிவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா அவ்வளவு லேசில் விடவில்லை. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், கணவர் கடலுக்குப் போகிறவர், இவர் கருவாடு போடுகிறவர். மூன்றாம் நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, உங்கட கூட்டத்துக்கு ஆள் சேர்க்கவோ வந்தனீங்கள் என்று நேரடியாகவே கேட்டார். இல்லை, இங்கே பழகிப் படிக்கத்தான் வந்தோம் என்று என் கணவர் விளக்கினார்.

"பழகுறதுக்கும் ஒரு படிப்போ?" என்றார் அக்கா. அவர் சிரித்த சிரிப்பில் கோழிகள் கலைந்து ஓடின.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஒரு கொப்பியில் கோடு போட்டு, யார் யாருக்கு என்னென்ன உதவி என்று எழுதி வைத்துக்கொண்டேன். பின்னேரம் பிள்ளைகளுக்கு இலவச ரியூசன். கந்தோருக்குப் போகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பேன். ஆஸ்பத்திரிக்குத் துணை போவேன். கூடவே எனக்கென்று ஒரு வைராக்கியம் இருந்தது. ஊர்ச் சனத்தின் சோற்றில் வாழ்கிற ஊழியக்காரரைப் பார்த்து எரிச்சல் பட்டவள் நான். ஒருவரிடமும் ஒன்றும் வாங்குவதில்லை என்று முடிவு எடுத்திருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா ஒரு சட்டி மீன் குழம்பு அனுப்பினால், அரை மணித்தியாலத்துக்குள் சட்டியைக் கழுவி, பிஸ்கட் பாக்கெட் ஒன்றும் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். குழம்பு சில நாளில் வாயில்கூடப் பட்டிருக்காது. பிஸ்கட் போய்ச் சேர்ந்திருக்கும்.

என் கணவர் இதற்கு நேர் எதிர். பிறவியிலேயே எதற்கும் அவசரப்படாத ஆறுதலான மனிதர். காலையில் எதிர்வீட்டில் பிளேன் ரீ குடிப்பார். அவர்களுடைய சைக்கிளையே வாங்கிக்கொண்டு கடைக்குப் போவார். வழியில் யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சுத்தியல், ஏணி, கறிவேப்பிலை, தேங்காய்த் துருவி எல்லாம் இரவல்தான். ஊரைச் சுரண்டித் தின்னவா வந்தோம், பரீட்சையில் கோட்டை விடப்போகிறோம் என்று நான் பொரிந்து தள்ளுவேன். அவர் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக் கதிரையில் போய்ச் சாய்ந்துவிடுவார்.

ஆனி மாதத்தில் நான் விடியற்காலையில் கடற்கரைக்குப் போகத் தொடங்கினேன். படகுகள் கரைக்கு வந்ததும், வலையில் சிக்கிய மீனைக் கழற்றப் பெண்களும் கூடி நிற்பார்கள். நானும் போய்க் குந்தினேன். என் விரல்களைப் பார்த்து அவர்களுக்கு ஒரே பகிடி. ஒரு சூடை மீனை நான் கழற்றி முடிப்பதற்குள் அவர்கள் பத்துக் கழற்றிவிடுவார்கள். இருந்தாலும் இடம் விட்டார்கள், சொல்லித் தந்தார்கள். நாலாவது நாள், வேலை முடிந்ததும் படகுக்காரர் எல்லோருக்கும் போடுவது போல என் பையிலும் இரண்டு கை மீன் அள்ளிப் போட்டார். கை கொடுத்தவர்களுக்குக் கறிக்கு மீன் கொடுப்பது அங்கே வழக்கம். நான் என்ன செய்தேன் தெரியுமா? பையைக் கவிழ்த்து மீனை அவருடைய கூடையிலேயே கொட்டிவிட்டு, நான் உதவிக்குத்தான் வந்தேன், கஷ்டப்பட்டவர்கள் யாருக்காவது கொடுங்கள் என்று புன்னகையோடு சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் நின்ற பெண்களும் பேசவில்லை. என்னுடைய தாழ்மையைப் பார்த்துத்தான் வாயடைத்துப் போனார்கள் என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது.

அடுத்த நாளில் இருந்து கடற்கரையில் எனக்கு யாரும் நகர்ந்து இடம் தரவில்லை. குழம்புச் சட்டி வருவது நின்றது. ரியூசனுக்குப் பிள்ளைகள் குறைந்தார்கள். மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போயிருப்பார்கள் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். திருவிழாவும் முடிந்தது, பிள்ளைகள் ஊருக்குள் ஓடித் திரிந்தார்கள், என் வீட்டுப் பக்கம்தான் வரவில்லை. அதே ஒழுங்கையில் என் கணவரை மட்டும் ஆளுக்கு ஆள் கூப்பிட்டு இருத்திக் கதைத்தார்கள். பொறாமையாக இருந்தது. மூப்பர்மார் வருவதற்கு மூன்று நாலு கிழமைதான் இருக்கும்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் அக்காவின் முற்றத்துக்கே போய், என்னில் என்ன பிழை கண்டீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே பதில் சொன்னார்.

"நீங்கள் எங்களிட்ட ஒண்டும் வாங்கமாட்டியள். தந்தாலும் உடனே கடன் தீர்க்கிற மாதிரித் திருப்பித் தருவியள். அண்டைக்குக் கடலுக்குப் போய் வந்த மனுசன் போட்ட மீனை அவரின்ர முகத்துக்கு முன்னாலயே கொட்டினீங்கள். குடுக்கிற கை உங்கட கை மட்டும்தானோ? நாங்கள் எல்லாரும் ஏந்திக்கொண்டு நிக்கிற ஆக்களோ?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அன்றைக்கு அப்படியே திரும்பி நடந்தேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். கணவரிடம் சொன்னபோது, தான் இத்தனை நாள் சாப்பிட்டதெல்லாம் ஊழியம்தான் என்று இப்போதாவது விளங்குகிறதா என்று கேட்டார். அடிக்கவேண்டும் போல இருந்தது. சிரிப்பும் வந்தது.

சரி, திருத்திவிடலாம் என்று மறுநாளே கடற்கரைக்குப் போனேன். அதிலும் என் அவசரம்தான். எப்படியாவது நன்றாக வேலை செய்து காட்டி, மீன் தந்தால் இரண்டு கையாலும் வாங்கிவிட வேண்டும் என்ற துடிப்பில், கண்ணில் பட்ட மீனைப் பாய்ந்து பிடித்தேன். அது முள்ளில் நஞ்சுள்ள கெளுத்தி. அதன் முள் வலது உள்ளங்கையில் ஆழமாக ஏறிவிட்டது. பிள்ளை பெற்ற வலி எனக்குத் தெரியாது, ஆனால் அதற்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கும். நான் போட்ட சத்தத்தில் முதலில் ஓடிவந்தவர் அந்தப் படகுக்காரர். அடுத்தது அக்கா. என்னை இழுத்துக்கொண்டு போய், அடுப்பில் கொதித்த தண்ணீரைச் சூடு பொறுக்கும் அளவுக்கு ஆற்றி அதில் கையை வைத்துப் பிடித்தார்கள். வலி கொஞ்சம் அடங்கியதும் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரி. முள்ளை எடுத்து, ஊசி போட்டு, கையைப் பந்து மாதிரிச் சுற்றிக் கட்டி அனுப்பினார்கள்.

கணவர் அன்று காலைதான் வீசா வேலையாகக் கொழும்புக்குப் போயிருந்தார். திரும்ப ஒரு கிழமையாகும். வீட்டில் நான் தனி. வலது கை இல்லை. சமைக்க ஏலாது, தலை இழுத்துப் பின்ன ஏலாது, சோற்றைப் பிசைந்து வாயில் வைக்கக்கூட ஏலாது.

அக்கா கேட்டுக்கொண்டெல்லாம் இருக்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் குசினியில் இருத்தினார். என் உடுப்பை அவர் தோய்த்தார். என் தலையை அவர் இழுத்துப் பின்னினார். மூன்று நேரமும் அவரே ஊட்டினார். முதல் நாள் வெட்கத்தில் செத்துப்போனேன். ஒவ்வொரு வாய்க்கும் நன்றி, நன்றி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஒவ்வொரு வாய்க்கும் தாங்ஸ் சொல்லிக்கொண்டிருந்தால் சோறு ஆறிப்போயிரும். வாயைத் திறவுங்கோ," என்றார்.

கொடுத்துத் தீர்க்க என்னிடம் கையும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் பாரை மீன் சொதி. அப்படி ஒரு சொதியை நான் சாப்பிட்டதே இல்லை. என்னையறியாமலே, அக்கா இன்னும் கொஞ்சம் சொதி விடுங்கோ என்று கேட்டுவிட்டேன். அவர் அகப்பையோடு அப்படியே நின்றார். முகம் முழுவதும் சிரிப்பு. வேலியால் எட்டி முன்வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, இவள் வாய் திறந்து கேட்டுவிட்டாள் என்று அறிவித்தார். அன்றில் இருந்து எனக்கு 'நீங்கள்' போய் 'நீ' ஆயிற்று. முன்வீட்டில் இருந்து நண்டுக் கறி வந்தது. படகுக்காரரின் மனைவி நாலு முட்டை கொண்டுவந்தார். எல்லாவற்றையும் வாங்கினேன். சட்டிகள் இரண்டு நாளாகக் கழுவாமல் கிடந்தன. ஒருவரும் கேட்கவில்லை.

மூப்பர்மார் வந்தது அந்தக் கிழமையில்தான். நான் அக்காவின் முற்றத்தில் குந்தியிருக்கிறேன். ஒரு பக்கம் பின்னல், மறுபக்கம் விரிந்த முடி, கையில் பெரிய கட்டு. படலையைத் திறந்துகொண்டு இரண்டு பேரும் நிற்கிறார்கள். வேறு இரண்டு வீடுகளில் ஏற்கெனவே விசாரித்துவிட்டார்களாம். இதுதான் மூன்றாவது. என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அரைத் தலையோடு போய் வேலியோரம் நின்று காதைக் கொடுத்தேன். அது பிழைதான். அன்றைக்கு எனக்குப் பிழை சரி பார்க்க நேரம் இருக்கவில்லை.

கேள்வியைக் கேட்டார்கள்.

"போன மாதம் கேட்டிருந்தால் வேண்டாம் எண்டுதான் சொல்லியிருப்பன்," என்றார் அக்கா. "இப்ப ஓம் எண்டு சொன்னால் நீங்கள் அவளைக் கொண்டு போயிருவியள். அதால ஓம் சொல்லவும் எனக்கு விருப்பமில்லை."

மூப்பர்மார் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"எங்க எண்டாலும் கொண்டு போங்கோ. ஆனால் ஒண்டு சொல்லுறன். அந்த ஊர்ப் பாஷையில 'கொஞ்சம் தாங்கோ' எண்டு கேட்கிறதை முதல் படிப்பிச்சு அனுப்புங்கோ. கை நோகேக்க அவள் அங்க ஆரிட்டக் கேட்பாள்? பிரசங்கத்தைப் பிறகு படிக்கட்டும்."

வேலிக்கு இந்தப் பக்கம் நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். முதல் வீடு என் கணவருக்காகவே ஓம் சொன்னதாம். இரண்டாவது வீட்டில், மனுசிக்குக் கொஞ்சம் பெருமை, இப்போது குறைந்துவிட்டது, இருக்கட்டும் என்றார்களாம். இந்தச் சான்றிதழை என் கணவர் இன்றுவரை சொல்லிக் காட்டுவார்.

அந்த மார்கழியில் கம்போடியாவுக்கு வந்தோம். பாஷை படிப்பித்த ஆசிரியையிடம் நான் முதலில் கேட்டுப் படித்தது அந்த ஒரு வசனத்தைத்தான். வந்து இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, கொஞ்சம் உப்புத் தாங்கோ என்று கேட்டேன். என் உச்சரிப்பைக் கேட்டு அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ச் சாப்பாட்டில் இருத்திவிட்டார். இன்றைக்கு எங்கள் சபை என்பது எங்களோடு சேர்த்து ஒன்பது பேர். ஞாயிறுகளில் அந்தப் பெண்ணின் முற்றத்தில், அவர் விரிக்கும் பாயில் கூடுகிறோம். கொடுப்பதற்காகத்தான் கடவுள் என்னை அழைத்தார் என்று நம்பிக் கிளம்பியவள் நான். கை வீங்கிக் கிடந்த அந்த ஒரு கிழமை மட்டும் வந்திராவிட்டால், எனக்குக் கொடுக்க இத்தனை மனிதர்கள் காத்திருக்கிறார்கள் என்பது தெரியாமலே வாழ்நாள் முழுவதும் ஊழியம் செய்திருப்பேன்.