என் ஆளுக்கு மாலை போட்ட கதை

எங்கள் வீட்டு வரவேற்பறையில், மகளின் பட்டமளிப்புப் படத்துக்கும் எங்கள் கலியாணப் படத்துக்கும் நடுவில் ஒரு காளையின் படம் தொங்குகிறது. கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளைத் திட்டு, நான்கு கால்களில் ஒன்றுகூடத் தரையில் இல்லை. அதன் முதுகிலிருந்து ஒரு மனிதன் கழன்று போய்க்கொண்டிருக்கிறான். அவனுடைய தொப்பி அவனுக்கு முன்பே புறப்பட்டுவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் கலியாணப் படத்தைப் பார்த்து, "அப்ப நல்ல மெல்லிசாய் இருந்தனீங்கள்" என்பார்கள். பிறகு காளையைப் பார்ப்பார்கள். பிறகு தேத்தண்ணி கேட்பார்கள்.

அது என் ஆள். எனக்கு வயது ஐம்பத்தேழு. இந்த வயதில் இப்படி ஒரு வார்த்தையை வெட்கமில்லாமல் எழுத வைத்தது கிரிக்கெட்.

என் கணவர் கிரிக்கெட் பார்ப்பதற்காக விளையாட்டுச் சானல்களை மொத்தமாக வாங்கினார். ஒரு சனிக்கிழமை மத்தியானம், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவர் ரிமோட்டை நெஞ்சில் வைத்தபடி சோபாவில் நித்திரை. நான் வல்லாரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தொலைக்காட்சியில் ஓர் இரும்புக் கதவு திறந்தது. நெற்றியில் வெள்ளைத் திட்டோடு காளையொன்று வெளியே பாய்ந்து, முன்னுக்கு எழும்பி, பின்னுக்கு உதைத்து, இடப்பக்கமாக நின்ற இடத்திலேயே சுழன்றது. மேலே இருந்தவன் வேலிக்குப் பக்கத்தில் போய் விழுந்தான். நான் வல்லாரையை அப்படியே விட்டுவிட்டேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் கீரை இல்லை.

விளையாட்டு இவ்வளவுதான்: ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை ஆகாயத்தில் வைத்துக்கொண்டு, காளையின் மேல் எட்டு விநாடி இருக்க வேண்டும். பெரும்பாலானவர்களால் முடியாது. உலகமே அந்தப் பெடியன்களின் பெயர்களைப் பாடமாக்கி வைத்திருக்கிறது. எனக்கு அவர்களில் ஒருவனையும் தெரியாது. எனக்குக் காளைகளைத்தான் தெரியும். எது இடப்பக்கம் சுழலும், எது முதலில் நேராகப் போய்ப் பொய்க்காட்டும், எது கதவு திறக்க முன்பே கோபப்படும் என்று கேட்டால் நித்திரையிலும் சொல்லுவேன். நூறு புள்ளியில் ஐம்பது காளைக்கு. இது தெரிந்த நாளில் எனக்கு இந்தப் போட்டியில் முழு நம்பிக்கை வந்துவிட்டது.

"எங்கட சனம் மாட்டைக் கட்டிப் பால் கறக்கும். உவங்கள் விழுறதுக்கெண்டே ஏறுறாங்கள். நீர் இருந்து கை தட்டுறீர்," என்பார் கணவர்.

"நான் விழுந்தவனுக்குத் தட்டேல்லை. விழுத்தினவருக்குத் தட்டுறன்."

"மாட்டுக்கு என்ன 'வர்' வேண்டிக் கிடக்கு?"

ஏன் இந்த மயக்கம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் வெக்ஸ்போர்ட்டில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் முன்மேசையில் இருக்கிறேன். பல் நொந்தால் என்னை ஏசுவார்கள். இன்சூரன்ஸ் மறுத்தால் என்னை ஏசுவார்கள். வெளியே பார்க்கிங் இல்லாவிட்டாலும் என்னைத்தான். எல்லாவற்றுக்கும் நான் சிரித்தபடி மன்னிப்புக் கேட்பேன். மாலையில் வீட்டுக்கு வரும்போது கன்னம் வலிக்கும். என் ஆளோ யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. முதுகில் ஒருவன் ஏறினால் 'முடியாது' என்கிறார். அதையும் நான்கு காலாலும் சொல்கிறார். ஆனால் வன்மம் கிடையாது. மற்றக் காளைகள் விழுந்தவனைத் தேடிப் போய் முட்டும். இவர் அந்த நிமிடமே நின்று, ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, வேலை முடிந்து பஸ்ஸுக்குப் போகிறவர்போல வாசலைத் தேடி நடப்பார். அந்த நடையில்தான் நான் விழுந்தேன்.

மகள் என் பிறந்தநாளுக்கு அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தந்தாள். "அம்மா, திஸ் இஸ் சோ வியர்ட், பட் ஹாப்பி பர்த்டே," என்றாள். அவள்தான் கார்த்திகை மாதத்தில் இன்னொரு செய்தியும் கொண்டுவந்தாள். என் ஆள் மாசி மாதம் ரொறொன்ரோவுக்கு வருகிறார், இதுதான் அவருக்குக் கடைசிப் பருவமாம். நான் அன்றே மூன்று ரிக்கெட் எடுத்தேன். அவர் ஒருமுறையாவது என் கண் முன்னால் அந்தரத்தில் எழும்ப வேண்டும். அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

தைப்பொங்கலுக்கு மறுநாள் பட்டிப்பொங்கல். மாடுகளைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டுப் பொங்கல் ஊட்டுகிற நாள். ரொறொன்ரோவுக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் மார்க்கம் நகரில் இரட்டைக் கராஜ் உண்டு, பட்டி கிடையாது. ஆகவே நாங்கள் அந்த நாளைக் கணக்கெடுப்பதில்லை. அன்று நான் வேலையால் வந்து கதவைத் திறந்தால் வீடு முழுக்கச் சாம்பிராணி வாசம். படத்துக்குக் கீழே குத்துவிளக்கு எரிகிறது. ஒரு கிண்ணத்தில் முதல்நாள் பொங்கல். கண்ணாடியில், சரியாக அந்த வெள்ளைத் திட்டின் மேல், சந்தனப் பொட்டு. சட்டத்தைச் சுற்றி ஒரு மல்லிகை மாலை. பிளாஸ்டிக்.

"பனிக்குள்ள பூ இல்லையாம். கடையில உதுதான் இருந்தது," என்றார் கணவர். "பட்டிப்பொங்கலுக்கு மாட்டுக்கு மாலை போடவேணும்தானே."

கலியாணம் கட்டின நாளிலிருந்து எனக்கு ஒரு முழம் பூ வாங்கி வந்திராத மனிதர். என் கண் கலங்கிவிட்டது. பொறாமையும் கொஞ்சம் இருந்தது.

நான் பனி ஜாக்கெட்டைக் கழற்றுவதற்குள் மணி அடித்தது. இரண்டு வீடு தள்ளி இருக்கும் அன்ரி. எழுபதை நெருங்குகிறார், முழங்கால் நோவோடு இன்னும் விடியற்காலையில் வான் ஏறிப் பொதி கட்டும் தொழிற்சாலைக்குப் போய் வருகிறார். மோதகம் கொண்டுவந்திருந்தார். சப்பாத்தைக் கழற்றி உள்ளே வந்தவர் படத்தைக் கண்டார். விளக்கு, பொட்டு, பிளாஸ்டிக் மாலை. மோதகத்தை என் கையில் தந்துவிட்டு, படத்துக்கு முன்னால் போய்க் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

"நல்லதுகளைத்தான் கடவுள் கெதியாக் கூப்பிடுறார், பிள்ளை."

"அன்ரி, உது மாடு."

"தெரியுது. மாடெண்டாலும் உயிர்தானே. எங்க குழி வெட்டித் தாட்டனீங்கள்?"

நான் விளக்கம் சொல்லத் தொடங்க, அவர் என் முதுகைத் தடவி, "கதைக்காதை பிள்ளை, கதைச்சாத்தான் கூட அழுகை வரும்," என்றுவிட்டுப் போனார். மறுநாளே செய்தி பரவிவிட்டது. செத்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று யாரோ ஒருவர் இடியப்பமும் சொதியும் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். மகள் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டாள். இன்னொருவர் தொலைபேசியில், செத்தவருக்கு எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவு எந்த நாள் என்று கேட்டார். எங்கள் சனத்துக்கு இரக்கம் நிறைய உண்டு, விசாரிக்கத்தான் பொறுமை கிடையாது.

இடியப்பம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குப் பயம் பிடித்துவிட்டது. உயிரோடு இருக்கிற மாட்டுக்கு மாலை போடலாம், கழுத்தில். உயிரோடு இருக்கிற ஒருவரின் படத்துக்கு யாராவது மாலை போடுவார்களா? அதுவும் விளக்கேற்றி? ஓடிப்போய் மாலையைக் கழற்றினேன். இரண்டு நாள் கழித்து மகள் போனைப் பார்த்தபடி படியிறங்கி வந்தாள்.

"அம்மா, டோன்ற் ஃபிரீக் அவுட். உங்கட ஆளுக்குப் பின்கால் இஞ்சர்ட். ரொறொன்ரோவுக்கு வாறது ஷுவர் இல்லையாம்."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் கிரிக்கெட்டைப் பார்த்தார்.

"மாலை போட்டதுக்கு மாட்டுக்குக் கால் சுளுக்குமோ? உமக்கென்ன விசரே?"

அந்தக் கிழமை முழுக்க அவருக்குப் பிட்டு. அதுவும் வெறும் சம்பலோடு. அவரும் விக்கி விக்கிச் சாப்பிட்டார். வெள்ளிக்கிழமை மாலை கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"வெளிக்கிடும். கோயிலுக்குப் போவம்."

றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் அர்ச்சனைச் சீட்டை அவரே எடுத்தார். ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு பெயர் என்ன என்று கேட்டார். என் கணவர் தொண்டையைச் செருமி, என் ஆளின் முழு ஆங்கிலப் பெயரையும் சொன்னார். சூறாவளிக்கு வைக்கிற பெயர் மாதிரி இருக்கும். ஐயர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இந்த ஊரில் எங்கள் பிள்ளைகளுக்கு வைக்கிற பெயர்களை எல்லாம் கேட்டுப் பழகியவர்.

"நட்சத்திரம்?"

நான் திகைத்துப் போனேன். என் கணவர் திகைக்கவில்லை. "ரோகிணி," என்றார். பிறகு என் காதுக்குள், "மாடெண்டா இடபராசியாத்தானே இருக்கவேணும்," என்றார்.

ஐயர் சூறாவளியின் பெயரைச் சமஸ்கிருதத்தோடு ஒட்டி, ரோகிணி நட்சத்திரத்தில் பிறந்தவருக்கு ஆரோக்கியமும் நீண்ட ஆயுளும் மனச்சாந்தியும் வேண்டி மணியைக் கிலுக்கினார். நான் கண்ணை மூடியிருந்தேன். பக்கத்தில் என் கணவர் சத்தமில்லாமல் வாய்க்குள் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. அன்று இரவு அவருக்குப் பிட்டோடு கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன், பொரித்துப்போட்டு.

பிள்ளையார் கைவிடவில்லை. கால் சுகம், வருகிறார் என்று மகள் சொன்னாள்.

போட்டி நாளன்று நான் பச்சைப் பட்டுச் சேலை உடுத்தேன். அதன் மேல் பனி ஜாக்கெட், காலில் பூட்ஸ். அரங்கு முழுக்கக் கவ்போய்த் தொப்பிகள். நான் உடுத்தியிருந்ததை ஒருவரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை, அவர்களும் அன்றைக்கென்று உடுத்தித்தான் வந்திருந்தார்கள். ஒவ்வொரு சவாரிக்காரன் விழும்போதும் ஆயிரக்கணக்கான வாய்கள் ஐயோ என்றன. நான் எழும்பிக் கை தட்டினேன். மூன்றாவது தடவை முன்வரிசைத் தொப்பிக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். என் கணவர் அவரிடம் குனிந்து, மிக மரியாதையாக, "மை வைஃப் இஸ் வித் த புல்," என்றார். தொப்பிக்காரர் தொப்பியைத் தூக்கி எனக்கு வணக்கம் வைத்தார்.

இடைவேளையில் கணவர் சாப்பாடு வாங்கப் போய் உருளைக்கிழங்குப் பொரியலோடு மட்டும் திரும்பினார். "அங்க என்ன இறைச்சி விக்கிறாங்கள் எண்டு நீர் கேக்காதையும்," என்றார். கேட்கவில்லை.

கடைசியாக என் ஆளின் பெயரைச் சொன்னார்கள். வெளிச்சமெல்லாம் அந்த இரும்புக் கதவில் விழுந்தது. நான் மகளின் கையை இறுக்கிப் பிடித்தேன். கதவு திறந்தது.

அவர் வெளியே வந்தார். படத்தில் இருப்பதை விடப் பெரிய ஆள். சம்பிரதாயத்துக்கு ஒரு சின்னத் துள்ளல் துள்ளினார். பிறகு நின்றார். சுற்றிப் பார்த்தார். பிறகு நடந்தார், அதே பஸ்ஸுக்குப் போகிற நடை. முதுகில் சவாரிக்காரன் சட்டப்படி ஒரு கையை ஆகாயத்தில் தூக்கி வைத்திருந்தான், வகுப்பில் ஒன்றுக்குப் போகக் கேட்கிற பிள்ளைபோல. எட்டு விநாடி முடிந்து மணி அடித்தபோதும் அவன் அப்படியே இருந்தான். பிறகு தானாகவே இறங்கினான். அரங்கு சிரித்தது, கூவியது. அவனுக்கு வேறு காளை தருவதாக அறிவித்தார்கள்.

இவ்வளவு நாள் நான் காத்திருந்தது அந்தரத்தில் எழும்பும் அந்த ஒரு காட்சிக்கு. இப்போது எல்லோரும் அவரைப் பார்த்துக் கூவுகிறார்கள். நான் அவருடைய பின்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நொண்டவில்லை. நோவில்லை. நான்கு காலையும் உறுதியாக ஊன்றித்தான் நடந்தார். வேலை செய்ய மனமில்லை, அவ்வளவுதான். ஏறியவர்களுக்கு எல்லாம் முடியாது என்று சொன்னவர், அன்று அந்த முழு அரங்குக்கும் முடியாது என்றார். நான் எழும்பி நின்று உள்ளங்கை எரியும்வரை தட்டினேன்.

"இஞ்சேரும்," என்றார் கணவர். அவர் முகம் பிழை செய்த முகமாக இருந்தது. "ஐயர் ஆரோக்கியத்தோட நிப்பாட்டியிருக்கலாம். அந்த மனச்சாந்திதான் கொஞ்சம் கூடிப்போச்சுது."

நான் சிரித்த சிரிப்பில் பட்டுச் சேலை முழுக்க உருளைக்கிழங்கு. அவரும் எழும்பித் தட்டத் தொடங்கினார். முன்னாலிருந்த தொப்பிக்காரரும் எழும்பினார், எதற்கென்று தெரியாமலே.

அடுத்த கிழமை என் ஆள் ஓய்வு பெற்றுவிட்டதாகச் செய்தி வந்தது. இனிப் புல்வெளியும் பசுக்களும்தானாம். அன்று மாலை கணவர் அலமாரியிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் மாலையை எடுத்துத் தூசி தட்டினார். "ரிட்டயர் பண்ணுறவைக்கும் மாலை போடுறதுதானே," என்று என்னைப் பார்த்தார். போடுங்கோ என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அன்ரி வந்தார். மாலையைக் கண்டதும் முகம் வாடிவிட்டது.

"இன்னும் மறக்கேலாமல் இருக்குதே, பிள்ளை?"

"இல்லை அன்ரி, ஆள் உயிரோடதான் இருக்கிறார். வேலையை விட்டிட்டார். கடைசி நாள் போய் நிண்டு, இனி ஏலாது எண்டு நடந்து காட்டிப்போட்டு வந்திட்டார்."

அன்ரி சோபாவில் மெல்ல அமர்ந்து, முழங்காலைத் தடவியபடி என் ஆளை நெடுநேரம் பார்த்தார். மறுநாள் விடியற்காலையில் அவருக்கு வான் வரும். இந்த முறை அவருடைய கண் உண்மையாகவே கலங்கியது.

"குடுத்து வைச்ச மாடு," என்றார்.