பூஜை மேல் விழுந்த பழி

மலேசியாவில் கோலா சாவா பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பழக்குலை ஏற்றும் லோரியை ஓட்டும் தங்கராஜுவுக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவர். திருநீறு பூசாமல் லோரி சாவியைத் தொடமாட்டார். லோரிக் கொட்டகையில் ஆயுத பூஜையை எடுத்து நடத்துவதும் அவர்தான். பூஜைக்கு முதல் நாள் சக்கரங்களைக் கழற்றிக் கழுவி, கறுப்படித்து, தேய்ந்ததைப் பின்னுக்கும் நல்லதை முன்னுக்குமாக மாற்றிப் பூட்டுவது அங்கே வழக்கம். சாமி முன்னால் நிற்கிற வண்டி சுத்தமாக நிற்க வேண்டாமா?

இந்த வருஷம் நின்றது புது லோரி. எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பிய மறுநாளே, ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் விளக்கு எரிந்தது. முன் இடது டயரில் காற்று குறைவாம். இறங்கி இரும்புத் தடியால் தட்டினார். டயர் கல்லு மாதிரி இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று காற்று பிடித்தார். விளக்கு அணையவில்லை.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, லோரிகளைக் கவனிக்கும் சூப்பர்வைசர் ஹேமநாதன் எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டார்.

“புது லோரிலா இது! தண்ணிய ஊத்தி, சந்தனத்த அப்பி, சென்சரக் கெடுத்து வச்சிருக்கீங்க. சாமி வந்து ரிப்பேர் பண்ணுமா? இனிமே கொட்டகையில பூஜை கீஜை ஒன்னும் வேணாம்.”

யாரோ சிரித்தார்கள். தங்கராஜு தலைகுனிந்து நின்றார். பெரட்டில் நடந்ததைக் கேள்விப்பட்டிருந்த மனைவி பஞ்சாலை, மத்தியானம் சோறு போட்டபடி கேட்டாள்:

“வாயில என்னா கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?”

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். தன்னைத் திட்டியிருந்தால் துடைத்துப் போட்டிருப்பார். சாமியை ஏன் இழுக்க வேண்டும்? எழுந்து லோரியைப் பக்கத்து டவுன் அம்பாங்கானில் உள்ள டயர் கடைக்கு ஓட்டினார்.

டயர் கடைக்காரர் சுகுமாறன் கையளவு மெஷின் ஒன்றை ஒவ்வொரு சக்கரத்தருகிலும் காட்டிக்கொண்டே வந்தார்.

“அண்ணே, சக்கரத்த எடம் மாத்திப் பூட்டுனீங்களா?”

“ஆமா. எப்பவும் மாத்துறதுதானே?”

“அது பழைய லோரி. இதுல ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளயும் ஒரு சென்சர் இருக்கு. எது எங்க இருக்குன்னு லோரி மனப்பாடம் பண்ணி வச்சிருக்கு. நீங்க பாட்டுக்கு மாத்திட்டீங்க, அது இன்னும் பழைய எடத்தையே சொல்லுது.”

“அப்ப காத்து கொறஞ்சது எது?”

சுகுமாறன் பின்பக்கம் குனிந்தார். இரட்டைச் சக்கரத்தில் உள்ளே இருந்த டயரில் ஒரு ஆணி. தங்கராஜுவும் குனிந்து பார்த்தார். அந்த டயரோடுதான் நேற்று முழுக்கக் குலை ஏற்றிச் சரிவில் இறங்கியிருக்கிறார்!

“மாத்துனா இந்த மெஷின வச்சு லோரிக்குப் புது எடத்தச் சொல்லிக் குடுக்கணும். லோரி வந்தப்பவே உங்க சூப்பர்வைசர்கிட்ட சொன்னேனே? ‘டிரைவருங்களுக்கு இதெல்லாம் எதுக்கு’ன்னு சிரிச்சாரு.”

தங்கராஜுவுக்குக் காது சூடேறியது. மாற்றிப் பூட்டியது தன் கைதான். அதை அவர் மறுக்கவில்லை. ஆனால் தெரிந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டு, பழியைக் கொண்டுபோய்ச் சாமி தலையில் வைத்தானே! இது அடுக்குமா?

ஆணியைப் பிடுங்கி ஒட்டுப் போட்டு, லோரிக்குப் புது இடங்களையும் சொல்லிக் கொடுத்தபிறகு விளக்கு அணைந்தது. தங்கராஜு நேரே ஹேமநாதனின் ஆபீசுக்குப் போய் அந்த ஆணியை மேசைமேல் வைத்து, சுகுமாறன் சொன்னதையும் சொன்னார்.

“சரிசரி, மறந்துட்டேன். பூஜைய வச்சுக்குங்க, போங்க.”

“பெரட்டுல சொன்னீங்க சார். பெரட்டுலயே திருப்பிச் சொல்லுங்க.”

“என்னாண்ணே, சின்ன விசயத்தப் போயி…”

“என்னைய ஏசியிருந்தா சின்ன விசயம். நீங்க ஏசுனது சாமிய.”

மறுநாள் காலைப் பெரட்டின்போது எல்லா லோரிகளும் உறுமின. புது லோரி மட்டும் சத்தமில்லாமல் நின்றது. சாவி தங்கராஜுவின் சட்டைப்பையில் இருந்தது. ஹேமநாதன் அந்த லோரியைப் பார்த்தார், ஆலைக்குப் போகவேண்டிய குலைகளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்து முணுமுணுத்தார்.

“லோரி விசயம்… பூஜையால இல்ல. நாந்தான் சொல்ல மறந்துட்டேன்.”

தங்கராஜு தலைநிமிர்ந்தார்.

“பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல சார். கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. அன்னிக்குச் சொன்ன மாதிரி.”