ஐந்தாவது ஏன்

அனிட்டாவின் கை பிரஸ்ஸில் மாட்டிக்கொண்டது என்றுதான் நினைத்தேன். பின்னே என்ன? கரண்ட் போய், ஓசூர் சிப்காட்டில் எங்கள் ஷெட்டில் இரும்புத் தகடு அடிக்கும் பதினாறு பிரஸ்ஸும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்ட நொடியில், பக்கத்து மெஷினிலிருந்து அடிபட்ட எருமை போல ஒரு சத்தம் வந்தால் மனுஷன் வேறென்ன நினைப்பான்? ஓடிப்போய் அபாய மணியை அழுத்தினேன். ஸ்ட்ரெச்சரோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். அவளோ பத்து விரலும் பத்திரமாக, முகம் சிவந்து நின்றாள்.

“கைக்கு ஒண்ணும் ஆவல முனிவேலண்ணா. பாடினேன்.”

“இதுக்குப் பேரு பாட்டா? என் உசுரே போயிடுச்சு!” என்று கத்தினேன். பயந்துபோன கோபம்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவளும் மூன்று நண்பர்களும் சேர்ந்து ‘ஒற்றைக்கண்’ என்று, தொண்டையால் உறுமிப் பாடும் ஒரு மெட்டல் இசைக்குழு வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் பனி கொட்டும் வடக்கு நாடுகளின் பழைய சாமிகளைப் பற்றித் தமிழில் பாட்டு. ஞானம் வேண்டி ஒரு கண்ணையே பிடுங்கிக் கொடுத்த ஓடின் என்ற சாமிக்காக உறுமுவது இவள். தொரப்பள்ளியில் இருக்கும் வீட்டில் உறுமினால், மாதா கோயில் பாடகர் குழுவை நடத்தும் அப்பா பிரகாசம் என்ன ஆவார்? அதனால் எல்லாரும் காதடைப்பான் போட்டிருக்கும் இடத்தில், பிரஸ் இறங்கும் சத்தத்துக்குள் இரண்டு வருஷமாகப் பழகியிருக்கிறாள். கெட்டிக்காரிதான், கரண்ட்டை நம்பியதைத் தவிர.

கரண்ட் ஒரு நிமிஷத்தில் வந்தும், மணி அடித்ததால் உற்பத்தி லைன் இருபது நிமிஷம் நின்றுவிட்டது. நின்றால் எங்கள் கம்பெனியில் ‘ஏன்-ஏன்’ படிவம் எழுத வேண்டும். ஐந்து முறை ஏன் என்று கேட்டு மூல காரணத்தைப் பிடித்து, நிரந்தரத் தீர்வும் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் அனிட்டாவின் குழுவுக்கு முதல் பெரிய மேடை. படிவம் முடியாமல் லீவு கிடையாது என்று சூப்பர்வைசர் சுசித்ரா சொல்லிவிட்டார்.

அனிட்டா எழுதினாள். லைன் ஏன் நின்றது? மணி அடித்ததால். ஏன் அடித்தது? நான் உறுமியதால். ஏன் உறுமினேன்? பாட்டுப் பழகியதால். ஏன் இங்கே? வீட்டில் முடியாததால். ஐந்தாவது ஏனுக்கு வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். ‘பாடக் கற்றுக்கொடுத்த அப்பாவின் மனசு உடைந்துவிடும் என்ற பயத்தால்’ என்று எழுதினாள்.

சுசித்ரா படித்துவிட்டு, “தீர்வு காலியா இருக்கே?” என்றார்.

அனிட்டா வாங்கி நிரப்பினாள். ‘அப்பாவிடம் சொல்வது. பொறுப்பு: அனிட்டா. தேதி: இன்று.’

மணியடித்த பாவி நான்தானே.

மறுநாள் வந்து சொன்னாள். போனில் பதிந்திருந்த பாட்டைப் போட்டதும், “யாரும்மா உன்ன அடிச்சது?” என்று அப்பா பதறியிருக்கிறார். பாட்டு என்று சொன்னதும் மறுபடி போடச் சொல்லி, மூன்று தரம் கேட்டுவிட்டு, நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்லாமல் படுத்துவிட்டாராம். அவள் கண் வீங்கியிருந்தது.

ஞாயிறு காலை பூசை முடிந்து, பிரகாசம் வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல், மகளோடு பெங்களூர் பஸ்ஸில் ஏறினார். நானும் போனேன். கறுப்பு டீ-சர்ட் கூட்டத்தின் நடுவே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அனிட்டா உறுமி முடித்ததும் அரங்கமே கூத்தாடியது. நான் பயந்துகொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன்.

“ரெண்டாவது சரணத்துல மூச்சு பத்தலப்பா,” என்றார் என்னிடம். “இனிமே வூட்லயே பழகச் சொல்லணும்.”