இறங்கிய முள்

எங்கள் கார் என்னைவிட மூத்தது. வேகம் எவ்வளவு, பெட்ரோல் எவ்வளவு என்று காட்ட அதன் டேஷ்போர்டில் இரண்டு வட்டங்கள் உண்டு. எஞ்சின் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்பதை அது யாருக்கும் சொல்லாது. நைனா, அதாவது அப்பா, பானட்டின்மேல் உள்ளங்கையை வைத்துத் தெரிந்துகொள்வார். அப்படித் தெரிந்துகொண்டு ஓட்டியதில்தான் போன கோடையில் எஞ்சின் கொதித்து, அதன் மேல்மூடியான ஹெட் வளைந்துபோனது. சரிசெய்து கொடுத்த மெக்கானிக், "இன்னொரு வாட்டி கொதிச்சா என்கிட்ட எடுத்தாராதீங்க. இதுக்கு ஹெட்டு எங்கயும் கிடைக்காது" என்று சொல்லிவிட்டார்.

அதன்பிறகு அம்மாவைத் திருப்பதிக்கு டயாலிசிஸுக்கு வாடகைக் காரில்தான் அழைத்துப்போனோம். புத்தூரிலிருந்து பஸ்ஸில் போகும் நிலையை அவள் எப்போதோ தாண்டிவிட்டாள். ஒரு வியாழக்கிழமை, சொல்லிவைத்த கார் வரவே இல்லை. டிரைவர் போனை எடுக்கவில்லை. அன்றைய முறை தவறியது. மறுநாள் காலை அம்மாவின் கால்கள் வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். இனி யாரையும் நம்ப முடியாது, நம் வண்டியிலேயே போகலாம் என்றார் நைனா.

எனக்கு நாயுடுபேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. அழுத்தமானி, வெப்பமானிகளைச் சோதித்துத் திருத்துவதுதான் என் நாள் முழுவதும். லீவு சொல்லிவிட்டு, வேண்டியவற்றை மனத்தில் வரிசைப்படுத்திக்கொண்டேன்: வெப்பமானி ஒன்று, ரேடியேட்டரின் மேல் ஹோஸில், தண்ணீரின் சூட்டை உணரும் அதன் குமிழைப் பொருத்த ஓர் இணைப்புத் துண்டு, கிளிப்புகள், டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கவிட ஒரு தகடு. எல்லாம் திருப்பதியில் ஒரே கடையில் கிடைத்தன. மதியத்துக்குமேல் வீட்டு வாசலில் பானட்டைத் திறந்தேன்.

"ஓட்ட கீட்ட போட்டே, பாத்துக்கோ" என்றார் நைனா. "இத்தினி வருசம் ஒரு ஓட்ட இல்லாம வெச்சினுகீறேன்."

"டயாலிசிஸுக்கு எனக்குக் கழுத்துல ஓட்ட போட்டப்போ உங்க நைனா இவ்ளோ கவலப்படல" என்றாள் அம்மா, கதவருகே நாற்காலியில் இருந்தபடி. சிரிக்கப்போய் இருமினாள்.

ஓட்டை போடவில்லை. ஏற்கெனவே வயர்கள் போகும் துளை வழியாகவே, குமிழிலிருந்து வரும் மெல்லிய செப்புக் குழாயை உள்ளே இழுத்து, அதிர்வில் முறியாமலிருக்க ஒரு சுருள் விட்டேன். எஞ்சினை ஓடவிட்டபோது முள் மெதுவாக எழுந்து எண்பதைத் தாண்டி நின்றது. அதற்குப் பிறகும் நைனா பானட்டில் கைவைத்துப் பார்த்தார்.

சனிக்கிழமை காலை புறப்பட்டோம். அம்மா முன் இருக்கையில், நான் பின்னால். "எம்பத்தஞ்சு" என்று நைனா அவ்வப்போது அறிவித்துக்கொண்டு வந்தார். வடமாலப்பேட்டைப் பக்கம் கனுமா என்கிற மலைக்கணவாய் மேட்டில் சுமை லாரி ஒன்றின் பின்னால் ஊர்ந்தபோது அறிவிப்பு நின்றுவிட்டது. தொண்ணூற்றைந்து. நூறு. நூற்றைந்து. அம்மா மூச்சு வாங்கும் சத்தம் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

பிறகு முள் இறங்கத் தொடங்கியது. தொண்ணூறு, எண்பது, அதற்கும் கீழே.

"பாத்தியா, எறங்கிடுச்சி!" என்று நைனா ஸ்டியரிங்கைத் தட்டினார்.

"ஸ்தோத்திரம்" என்றாள் அம்மா. கண்களை மூடிக்கொண்டாள்.

நான் காரணங்களை ஒவ்வொன்றாகத் தேடினேன். மேடு முடிந்ததா? இல்லை. லாரி விலகியதா? இல்லை. வேகம் கூடியதா? இல்லை. எஞ்சின் குளிர்வதற்கு எதுவுமே நடக்கவில்லை. மிஞ்சியது ஒன்றுதான். குமிழைச் சுற்றித் தண்ணீர் இல்லை. முள் காட்டுவது வெறும் காற்றின் சூடு.

"நைனா, நிறுத்துங்க."

"கொறஞ்சிக்கினு வருது, இப்ப நிறுத்தச் சொல்றே?"

"தண்ணி இல்ல நைனா. அதான் கொறையுது. இன்னும் கொஞ்சம் ஓட்டினா எஞ்சின் புடிச்சிக்கினு அப்டியே நின்னுடும்."

"நீ வெச்ச மிசினை நீயே நம்பலன்னா எப்டிம்மா? இந்த மேடு ஏறிட்டா அந்தாண்ட எறக்கந்தான்." அவர் குரல் கெஞ்சியது. "நிறுத்தினா உங்கம்மாவ இன்னாத்துல கொண்டுபோவே?"

அம்மா கண்ணைத் திறந்து, திரும்பி என்னைப் பார்த்தாள். "அவ சொல்றா இல்ல" என்றாள், மூச்சுக்கு நடுவே. "நிறுத்துங்க."

பானட்டைத் தூக்கினோம். ஆவி வரவில்லை, சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. கீழ் ஹோஸ் நீளவாக்கில் பிளந்திருந்தது.

சாலையில் நின்று கையைக் காட்டினேன். கார்கள் வேகம் குறைத்து, எங்கள் பழைய வண்டியைப் பார்த்துவிட்டுப் போயின. கடைசியில் தக்காளி ஏற்றிய வேன் ஒன்று நின்றது. "ஏமாயிந்தி அண்ணா?" என்று, என்ன ஆச்சு எனக் கேட்டு டிரைவர் எட்டிப் பார்த்தார். நைனா தெலுங்கில் சொல்லத் தொடங்கி, பாதியில் தமிழுக்கு வந்து, அழுதுவிட்டார். டிரைவர் பக்கத்தில் ஒருவருக்குத்தான் இடம் இருந்தது. அம்மாவை அதில் ஏற்றினோம். நைனா பின்னால் ஏறி, தக்காளிக் கிரேடுகளுக்கு நடுவே குந்தினார். இருவருக்கும் தலையாட்டிவிட்டு நான் வண்டியோடு நின்றுகொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். ஏற்கெனவே நேரம் தாண்டிவிட்டது, வந்து சேர்ந்தபிறகு மெஷினில் எவ்வளவு நேரம் மிச்சமிருக்கிறதோ அவ்வளவுதான், அடுத்தவர் காத்திருக்கிறார் என்றாள் நர்ஸ். அவள் கடுமையாகப் பேசவில்லை. காத்திருக்கும் அந்த அடுத்தவரும் யாரோ ஒருவருக்கு அம்மாவாக இருக்கலாம் என்பதால் என்னாலும் சண்டை போட முடியவில்லை.

வெயில் ஏறியது. புளியமரத்தடியில் நின்று ஒவ்வொரு வேனும் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து நைனா அழைத்தார்.

"மெஷின்ல போட்டுட்டாங்க. பாதி நேரந்தான் குடுப்பாங்களாம்."

"அம்மா எப்டி கீறாங்க?"

"கண்ணு மூடிக்கினு கீறா. மூச்சு பரவால்ல. வண்டி?"

"தெரியல நைனா. ஆறட்டும்."

போனில் நைனாவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் மெலிதாகக் கேட்டது. அவள் சொன்னதை நைனா எனக்குத் திருப்பிச் சொன்னார்: "செவ்வாக்கெழம இன்னாத்துல வர்றதுன்னு கேக்கறா."

ஏற்பாடு செய்கிறேன் என்று சொன்னேன். போனை வைத்துவிட்டு எஞ்சின் அருகே கையைக் கொண்டுபோனேன். இன்னும் சூடு அடித்தது. தொட முடியவில்லை.