வினைமுற்று

"மேல எழுதினதெல்லாம் இருக்கட்டும், கடைசி வார்த்தையக் காட்டு" என்று நிருபரின் தாளை வாங்கி, அடியிலிருந்து மேலே படிக்கிறார் துணை ஆசிரியர். இதனாலேயே நாளிதழ் அலுவலகத்தில் அவருக்கு 'வினைமுற்று' என்று பெயர்.

தேர்தல் வந்துவிட்டால் மனிதருக்குத் தலைகால் புரியாது. வேட்பாளர் என்ன பேசினார் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். "கூறினார்" என்றால் ஆள் சாது. அதை அடித்து "முழங்கினார்" என்று போட்டால் அதே ஆள் மறுநாள் காலையில் சிங்கம். மேடையில் விடாமல் தும்மிய ஒருவர் இவர் கைபட்டு "கொதித்தெழுந்தார்". கேள்விக்குப் பதில் தெரியாமல் காரில் ஏறி ஓடியவர் "சூறாவளிப் பயணத்தைத் தொடர்ந்தார்".

"பேசுறது அவங்க வேலைப்பா. எப்படிப் பேசினாங்கன்னு சொல்றதுதான் நம்ம வேலை" என்பார், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.

இந்த முறை வினை வீட்டுக்குள்ளேயே வந்தது. நகரமன்றத் தேர்தலில் மச்சினன் நிற்கிறான். தங்கமான பையன்தான், ஆனால் குரல் இருக்கிறதே, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலே "என்ன, என்ன?" என்று கேட்க வேண்டும். மனசாட்சிக்குப் பயந்து அவனுக்கு மட்டும் "தெரிவித்தார்" போட்டார்.

"கண்டவனெல்லாம் முழங்குறான். என் தம்பி மட்டும் தெரிவிக்கிறானா? அவன் என்ன ரயில்வே ஸ்டேஷன் மைக்கா?" என்றாள் மனைவி. அதோடு பேச்சு நின்றது. தேநீரில் சர்க்கரையும் நின்றது.

கசப்புத் தேநீரை எத்தனை நாள்தான் குடிப்பார், பாவம். ஒருநாள் "முழங்கினார்" என்று போட்டுத் தொலைத்தார். வினை முற்றியது. முழக்கத்தைக் கேட்க மறுநாள் மாலையே கூட்டம் திரண்டுவிட்டது. மச்சினனும் பத்திரிகையின் மானத்தைக் காப்பாற்ற அடிவயிற்றிலிருந்து ஒரு "அன்பார்ந்த" போட்டான். அத்தோடு தொண்டை கட்டிக்கொண்டது. கும்பிட்டுவிட்டு இறங்கினான்.

"பேச முடியாமல் இறங்கினார்" என்று எழுதிக்கொண்டு வந்து நின்றார் நிருபர். வினைமுற்று தாளை வாங்கி, வழக்கம்போல் அடியிலிருந்து படித்தார். இது அச்சில் ஏறினால் மச்சினன் கதை முடிந்தது, வீட்டில் இனி தேநீரே கிடையாது. பொய் எழுதவும் கை வரவில்லை. பேனா மூடியைக் கடித்தே தீர்த்தவர், சட்டென்று அந்த வரியை அடித்துத் திருத்தினார்.

மறுநாள் காலை, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வெந்நீர்க் குவளையோடு எதிரே உட்கார்ந்திருந்தான் மச்சினன். "அக்கா" என்றான், காற்றுதான் வந்தது. அக்கா செய்தித்தாளை விரித்து, விரல் வைத்து வாசித்தாள்: "திரண்டிருந்த கூட்டத்தின் முன் வேட்பாளர் மௌனம் சாதித்தார்." இத்தனை வருஷம் இவரோடு குடித்தனம் நடத்திய பழக்கம், விரல் கடைசி வார்த்தையில் போய் நின்றுகொண்டது.

"சாதிச்சுட்டியேடா" என்றாள் தம்பியிடம்.

கணவர் பக்கம் திரும்பாமலே சர்க்கரை டப்பாவை இழுத்தாள். குவியலாக ஒரு கரண்டி அள்ளி அவருடைய தேநீரில் போட்டு, தானே கலக்கியும் விட்டாள்.