கதவின் வெளிப்பக்கம்

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் முன்வாசலில் ஆளுயரக் கண்ணாடிக் கதவு. உள்பக்கம் துடைத்த கையோடு வெளிப்பக்கத்தையும் துடைக்க, கதவைத் திறந்து ஓர் எட்டு வைத்தால் போதும். ஆனால் கறுத்த தோல்கொண்ட துப்புரவு ஆட்களான நாங்கள் பின்கதவு வழியாக இறங்கி, கட்டடத்தையே சுற்றி வரவேண்டும். எங்கும் எழுதி வைக்காத சட்டம். என்ன கண்றாவி!

பதினொரு வருடம் வாளியோடு அப்படிச் சுற்றியவள் கண்ணாடியக்கா. நான் அவளுடைய வேலை ஜோடி, உள்பக்கம் துடைப்பவள். முழங்கால் வீங்கியிருந்த ஒருநாள் அவள் நேரே முன்வாசல் வழியாக வெளியே வந்துவிட்டாள். காவலாளி மறித்தான்.

"காலையில தோட்டக்காரர் சேத்துக் காலோட இப்படித்தானே போனாரு? வெள்ளைத் தோல்னா சேறு ஒட்டாதா?" என்று கேட்டாள்.

மறுநாளே வேலை போயிற்று. நாங்கள் அறுபது பேரும் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அந்த வாசலிலேயே உட்கார்ந்தோம். அக்காவைத் திரும்ப எடு, வாசலைத் திற. இரண்டே கோரிக்கை.

பத்தொன்பதாம் நாள் நிர்வாகம் இறங்கி வந்தது. வாசல் எல்லாருக்கும் திறக்கும், அக்காவுக்கு மட்டும் வேலை கிடையாது, கையெழுத்துப் போடாதவர்களுக்கும் கிடையாது. போட்டோம். கால்வலியோடு வீட்டில் படுத்திருந்தவளிடம் நானே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன் என்று பெரிய மனுஷி மாதிரி கிளம்பினேன்.

அவள் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "வாடி! வாசலைத் திறந்துட்டாங்களாமே! நாளைக்கு ராணி மாதிரி உள்ள போறேன், பாரு!"

டீ குடித்தேன். சிரித்தேன். சொல்லாமலே வந்துவிட்டேன், பாவி.

காலையில் என் தோளைப் பிடித்தபடி படியேறினாள். என் அட்டையைக் காட்டி உள்ளே போனேன். பின்னால் கதவு மூடிக்கொண்டது.

"உங்க பேரு லிஸ்ட்ல இல்லம்மா. இவங்கல்லாம் ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாங்களே, சொல்லலையா?" என்றான் காவலாளி.

அக்கா கண்ணாடியில் கையூன்றி என்னைப் பார்த்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் என் மனசு ஆறியிருக்கும். கையை எடுத்ததும் அங்கே விரல் தடம் தெரிந்தது. பழக்கதோஷம், இஸ்திரி போட்ட சட்டைக் கையால் அதைத் துடைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

இப்போது இரண்டு பக்கமும் நான்தான் துடைக்கிறேன். முன்வாசலில் யாரும் தடுப்பதில்லை. ஆனாலும் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்வழியாகச் சுற்றித்தான் போகிறேன்.