பேஸ் வாசித்தது மேரி

புது இசைத்தட்டின் அட்டையில் அச்சாகவிருந்த பெயர்ப்பட்டியலைச் சாந்தமேரி இரண்டு முறை படித்தாள். 'பேஸ் கிட்டார்: இக்னேஷியஸ்' என்றுதான் போட்டிருந்தது. அவளுடைய பெயர் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு மேலே, முகுந்தனின் சின்ன இசைத்தட்டு நிறுவனத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எழுபதுகளின் கடைசியில் கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் கொடி கட்டிப் பறந்த 'ஹார்பர் செவன்' என்ற ஃபங்க் இசைக்குழுவின் சிறந்த பாடல்களை ஒரே இசைத்தட்டாகக் கொண்டுவர முகுந்தன் ஆசைப்பட்டான். மொத்தம் பத்தொன்பது பாடல்கள். அதில் பன்னிரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குழுத் தலைவர் குருவைக் கூப்பிட்டிருந்தான். இக்னேஷியஸ் இறந்து ஆறு வருடம் ஆகிவிட்டதால், குடும்பத்தின் சார்பில் தங்கை சாந்தமேரியைக் கூப்பிட்டிருந்தான்.

குடும்பத்தின் சார்பில்! கிள்ளானில் கொமியூட்டர் ரயில் ஏறியதிலிருந்தே அந்த வார்த்தை அவளைக் குடைந்துகொண்டிருந்தது.

துறைமுக அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் கப்பல் சரக்குப் பட்டியலைத் தட்டச்சு செய்து ஓய்வுபெற்றவள் அவள். ஆனால் இருபத்தொரு வயதில், அந்தப் பத்தொன்பது பாடல்களுக்கும் ஒலிப்பதிவுக் கூடத்தில் பேஸ் வாசித்தவளும் அவள்தான். ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "ரெக்கார்டிங் ரூமுக்குள்ள வாசி. மேடை ஏறக்கூடாது. அட்டையில உன் பேரு வரக்கூடாது." குழுவின் வேனை ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் இக்னேஷியஸுக்கு நாலு சுரங்களைச் சொல்லிக்கொடுத்து மேடையில் நிற்க வைத்தார்கள். அட்டையிலும் அவன் பெயரே வந்தது. அவளும் சரியென்று தலையாட்டினாள்.

அண்ணனின் அடக்கத்தின்போது தேவாலயத்தில் குரு எழுந்து, "இக்னேஷியஸ் மாதிரி பேஸ் வாசிக்க இந்த நாட்டுல ஆள் கிடையாது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதையும் அவள் விழுங்கினாள். இனி விழுங்க முடியாது.

"குரு, இது என்ன?" காகிதத்தை மேசையில் தட்டினாள்.

"பழைய அட்டையில உள்ளதுதானே லா மேரி. ஆளுங்க மேடையில பார்த்தது அவனைத்தான்."

"மேடையில பார்த்தாங்க. இசைத்தட்டுல கேட்டது யாரை?"

குரு பாடல் பட்டியலை முகுந்தன் பக்கம் தள்ளினார். அவள் எட்டி இழுத்துப் பார்த்தாள். பன்னிரண்டும் குருவின் கிட்டார் முன்னால் நின்று கூத்தாடும் பாடல்கள். துறைமுகத் தொழிலாளர்கள் ஒன்ஸ்மோர் கேட்டே களைத்துப்போன 'ஷிப்ட் முடிஞ்சாச்சு' அதில் இல்லை. அந்தப் பாட்டு தொடங்குவதே பேஸில்தான். இருபது நொடிக்கு வேறு எந்த வாத்தியமும் கிடையாது.

"ஷிப்ட் எங்க?"

"அது கொஞ்சம் ஸ்லோ. இப்ப உள்ளவங்களுக்குப் பிடிக்காது."

"தம்பி, அதைப் போடுங்க," என்றாள் முகுந்தனிடம். "கேட்டுட்டுச் சொல்லட்டும், ஸ்லோவா இல்லையான்னு."

"ஒரிஜினல் டேப்பே இருக்கு ஆன்டி. முன்னால உள்ள பேச்சைக்கூட இன்னும் வெட்டல," என்று முகுந்தன் கணினியைத் தட்டினான்.

முதலில் இரைச்சல். யாரோ இருமினார்கள். பிறகு ஓர் இளைஞனின் குரல் அதட்டியது: "மேரி, ஓடாதே! டிரம்முக்குக் காத்திரு!"

ஒரு பெண் குரல் வெடுக்கென்று திருப்பிக் கொடுத்தது: "நீ முதல்ல உன் கிட்டாரை டியூன் பண்ணு!"

எல்லோரும் சிரிக்கும் சத்தம். அதைத் தொடர்ந்து பேஸ் கிளம்பியது.

முகுந்தன் பாட்டை நிறுத்தி குருவைப் பார்த்தான். குருவின் முகம் கறுத்துப்போயிருந்தது. அப்படிப் பேசியது சாந்தமேரிக்கே ஞாபகமில்லை. ஆனால் வாசித்தது யாரென்று, அன்று அதட்டிய குருவுக்கு எப்படி மறக்கும்?

"சரி லா," என்றார் குரு கடைசியில். "ரெண்டு பேரையும் சேர்த்துப் போடுவோம். செத்தவன், பாவம்."

"செத்தவனைக் காட்டி என் வாயை அடைக்காதே!" அவள் போட்ட சத்தத்தில் கீழே துணிக்கடைக்காரர் மாடிப்படியில் வந்து எட்டிப்பார்த்தார். "மேடையில நின்னான், அதைப் போடு. வேன் ஓட்டினான், அதையும் போடு. பேஸ் வாசிச்சது நான். எங்கப்பா ஊர் வாய்க்குப் பயந்தாரு, நானும் பயந்தேன். நீ யாருக்குப் பயந்து நாற்பத்தாறு வருஷம் மூடி வச்சே?"

"அப்படின்னா என் பேரையும் எடுத்துடு," என்று குரு எழுந்தார்.

"அங்கிள், உங்க பேரு கண்டிப்பா வரும். ஆனா தப்புன்னு தெரிஞ்ச பிறகு பழைய அட்டையில உள்ளதை நான் அச்சடிக்க மாட்டேன்," என்றான் முகுந்தன். குரு கதவை அறைந்துவிட்டுப் போனார்.

மூன்று மாதத்தில் இசைத்தட்டு வந்தது. அட்டையில் 'பேஸ் கிட்டார்: சாந்தமேரி' என்று இருந்தது. முதல் பாட்டு 'ஷிப்ட் முடிஞ்சாச்சு'. பாட்டுக்கு முன்னால் டேப்பில் இருந்த அந்தச் சண்டையையும் வெட்டக்கூடாது என்று சாந்தமேரி பிடிவாதமாக நின்றாள். வெளியீட்டு நாளில் குரு வரவில்லை.

மறுநாள் காலை அண்ணி புனிதா போன் பண்ணினாள். குரல் உடைந்திருந்தது.

"ஏன் மேரி இப்படிப் பண்ணே? பிள்ளைங்க அப்பாவைப் பெரிய பேஸ் பிளேயர்னு சொல்லிட்டுத் திரியறாங்க. இதுல வேன் டிரைவர்னு போட்டிருக்கு!"

"மேடையில பேஸ், வேன் டிரைவர். ரெண்டும் போட்டிருக்கு அண்ணி. ரெண்டும் உண்மைதானே?"

"உயிரோட இருக்கும்போது கேட்டிருக்கலாம்ல அவரை?"

கேட்டிருக்கலாம்தான் என்று சாந்தமேரி நினைத்தாள். அண்ணனும் ஒரு தடவையாவது, யாரிடமாவது, 'வாசிச்சது நான் இல்லை, என் தங்கச்சி' என்று சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவே இல்லை. குருவின் மேல் இருந்த கோபமெல்லாம் திரும்பி அண்ணன் மேல் பாய்ந்தது. செத்தவனோடு எப்படிச் சண்டை போடுவது?

"அவன் சொல்லியிருக்கணும் அண்ணி," என்றாள். "நான் கேட்காமலே சொல்லியிருக்கணும்."

புனிதா போனை வைத்துவிட்டாள். சாந்தமேரி திரும்பக் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் இருவரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள். ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை.